எட்டு ஓட்டை வெச்ச தகடு

அங்கயே நில்லுங்க. அந்தத் தகட்டு மேல கால வெச்சுராதீங்க, இப்பத்தான் வெட்டிப் போட்டிருக்கேன், ஓரம் பிளேடாட்ட இருக்கும். கால அறுத்துக்கிட்டு அப்பறம் பட்டறைக்காரன் மேல பழியப் போடுவீங்க. என்னங்க வேணும்? அளவு வெட்டுன அட்டையா? குடுங்க பாக்கலாம்.

ஓ, அடித்தகடு. ஸ்கிட் பிளேட்டுன்னு சொன்னாத்தான் உங்களுக்கெல்லாம் திருப்தி. பின்னால ஸ்பிராக்கெட்டுக்கு, அதான் செயின் ஓடற பல்லுச் சக்கரத்துக்கு, மறைப்பா ஒரு கார்டும் சேத்தி வேணுமாக்கும். அப்ப குவாடு வெச்சிருக்கறீங்க, நாலு சக்கரத்து பைக்கு. தோட்டத்துக்குள்ள ஓட்டறதா, ரேசுக்கா? ரேசு. பாத்தாலே தெரியுது. தோட்டத்துக்காரன் இவ்வளவு வெள்ளையா ஷூ போட மாட்டான்.

யாருங்க இந்த அட்டையில எழுதுனது? கோழி கிளறுனாட்ட இருக்குது. இது ஒன்னா, ஏழா? கோடு போட்டிருக்கறதப் பாருங்க, தேள் கொட்டுனவன் போட்டாட்ட. இருங்க, இருங்க, யாருன்னு தெரிஞ்சு நான் என்ன பண்ணப் போறேன். அதென்னுங்க வரிசையா வட்டம்? ஓட்டையா? எட்டு ஓட்டையா?

நான் ஓட்டை போடறதில்லைங்க.

உக்காருங்க, அந்த ஸ்டூல்ல. அவசரம்னா வேற பட்டறைக்குப் போங்க, இந்தக் கணபதி ஏரியாவுல பட்டறைக்கா பஞ்சம். பிளாஸ்க்குல டீ இருக்குது, ஊத்தறேன். கிளாஸ வெக்க எடமில்லியே. அட, அட்டை மேலயே வெச்சுக்கறேன் விடுங்க. அட்டைதானுங்க, பட்டுச் சேலையா என்ன?

எம்பேரு திருமூர்த்தி. முப்பத்தோரு வருசமா தகடு மடக்கறேன். டிப்பர் லாரித் தொட்டியில இருந்து கோயில் உண்டியல் வரைக்கும் இந்தக் கை மடக்காத தகடு இல்ல. எங்கிட்ட வந்து ஓட்டை போடுங்கறீங்களே, நான் ஒன்னு கேக்கறேன். அடித்தகடு எதுக்குங்க? அடியில கல்லு படாம இருக்க. கொடையில எட்டு ஓட்டை போட்டு வெச்சுக்கிட்டு மழைக்குப் போவீங்களா? போக மாட்டீங்கல்ல. பொறவு?

போன வாரம் ஒருத்தன் வந்தானுங்க. அண்ணா, பிளாஸ்டிக்குல போட்டுக் குடுங்கங்கறான். வெங்காயம் நறுக்கற பலகையாட்ட வெள்ளையா ஒன்னக் கொண்டாந்து காட்டறான். கல்லுல பட்டா வழுக்கிக்கிட்டுப் போயிருமாம். வழுக்கோணும்னா வாழப்பழத் தோலக் கட்டிக்கடான்னு சொல்லித் தாட்டி விட்டேன். இன்னொருத்தன் அலுமினியங்கறான். அலுமினியம் டிபன் பாக்சுக்கு ஆகும். கல்லுக்கு இரும்புதானுங்க. ஆறு மில்லி இரும்பு. கனமா இருந்தாத்தான் அது காப்பாத்தும்.

அந்த ஸ்பிராக்கெட் கார்டுக்கும் அதே கதைதான். உங்க வண்டியில பின் அச்சுலயே பல்லுச் சக்கரம் தொங்குது, தரைக்கும் அதுக்கும் ஒரு சாண்தான், ஒத்துக்கறேன். அதுக்கு இவனுங்க என்ன போடறானுங்க? அடியில மட்டும் அரை வட்டமா ஒரு பட்டை. மேல பூராத் தொறந்து கெடக்குது. அது கார்டா, கோவணமா? அந்தக் காலத்து மொபட்டுல செயின் பாக்ஸ் வரும், பாத்திருக்கறீங்களா? செயின் கண்ணுக்கே தெரியாது. சேலை சிக்காது, தூசு போகாது. பத்து வருசம் ஓட்டுனாலும் செயின் புதுசாட்ட இருக்கும். அதுக்குப் பேருதானுங்க கார்டு.

அதத் தொடாதீங்க. ஏனுங்க, சொல்லிக்கிட்டே இருக்கேன், செவுத்துல மாட்டியிருக்கறத எதுக்குத் தொடறீங்க? ஆமா, அதுவும் அடித்தகடுதான். ஆமா, அலுமினியந்தான். எட்டு ஓட்டை இருக்குது, எனக்குத் தெரியாதா? நான் போட்டதில்ல. அதப் போட்டவளப் பத்தித்தான் சொல்ல வந்தேன், நீங்க விட்டாத்தானே.

தாரணின்னு பேரு. என்ற தங்கச்சி மக. அவ ஏழாவது படிக்கறப்பவே அவங்கப்பன் போய்ட்டாருங்க. ரோட்டோரமா ஸ்கூட்டர்ல போனவரு, பின்னால வந்த லாரி தட்டிருச்சு. அன்னைக்கு மயானத்துல இருந்து வந்து குளிச்சுட்டு ஈரத் துண்டோட நின்னு தங்கச்சிகிட்டச் சொன்னேன். இந்தப் புள்ளைக்கு ஒரு கீறல் விழாம நான் பாத்துக்கறேன்னு. தாய்மாமன் சொல்றதுன்னா சும்மாங்களா? சொன்னபடி பாத்துக்கிட்டேன். படிக்க வெச்சேன். சைக்கிள் வாங்கிக் குடுத்து, அதுக்குப் பின்னால ரெண்டு சின்னச் சக்கரம் வெல்டிங் வெச்சுக் குடுத்தேன், விழக்கூடாதுன்னு. பத்தாவது படிக்கற வரைக்கும் அதக் கழட்ட விடல. ஒரு நாள் அவளே ஆக்சா பிளேடு எடுத்து அறுத்துட்டா. கொழுப்பப் பாருங்க.

ஆனா கை இருக்குதே, அவ கை, பொய் சொல்லக்கூடாது. வெளிய எம்பட்டறை போர்டப் பாத்தீங்கல்ல? பெயிண்டர் எழுதுனதுன்னு நெனச்சிருப்பீங்க. அவ எழுதுனதுங்க. காலேஜு லீவுல, ஏணி மேல ஏறி நின்னு, ஸ்கேல் கூட வெக்கல. அப்ப இருந்து இங்க எந்த அட்டை வெட்டுனாலும் அளவெழுதறது அவதான். கோலம் போட்டாட்ட இருக்கும். கண்ண மூடிக்கிட்டு வெட்டலாம். இந்தா கொண்டாந்திருக்கறீங்களே, இதும் ஒரு எழுத்தா? இத எழுதுனவனுக்குப் பள்ளிக்கூடத்துல வாத்தியாரே இல்லியாட்ட இருக்குது. நீங்க பேசாதீங்க, நான் சொல்லி முடிச்சரறேன்.

படிச்சு முடிச்சு வேலைக்குப் போனவ, ஒரு நாள் ஒடஞ்ச குவாடு ஒன்ன டெம்போவுல ஏத்திக்கிட்டு வந்து எறங்கறா. வால்பாறை எஸ்டேட்டுல எவனோ ஓட்டிப் போட்டது. ஏனுங் மாமா, இதச் சரி பண்ணி ரேசுக்கு ஓட்டப் போறேங்கறா. பொட்டப்புள்ளைக்கு எதுக்குங்க ரேசு? கேட்டேன். கேட்டா சிரிக்கறா. சரி, ஓட்டறதுதான் ஓட்டற, அடித்தகடு நான் போட்டுத் தர்றேன்னேன். அங்கதான் ஆரம்பிச்சுது.

மூணு நாளுங்க. பிரிட்ஜு வந்த அட்டையக் கிழிச்சு வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு அளவெடுக்கறா. பிளாஸ்டிக் போடலாமா, அலுமினியம் போடலாமான்னு அவளே ரோசனை பண்றா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கடைசியில அஞ்சு மில்லி அலுமினியம். அதுல எட்டு ஓட்டை. பின்னால அந்தக் கோவணம். நான் கேட்டேன், எதுக்குக் கண்ணு ஓட்டைன்னு.

"சேறு உள்ள போனா வெளிய வரோணுமில்லீங் மாமா."

"உள்ளயே போகாம அடைச்சரலாம் கண்ணு."

"போகும் மாமா. எப்படி அடைச்சாலும் போகும். போறது வர்றதுக்கு ஒரு வழி வேணும்."

எங்கிட்டச் சொல்றா! சிங்காநல்லூர்ல அருள்ராஜுன்னு ஒருத்தன் இருக்கறானுங்க, வெளிநாட்டுச் சாமானெல்லாம் தருவிச்சு விக்கறவன். அவன் சொல்லிக் குடுத்ததுதான் பூராவும். அவன் ஒரு நாளாவது தகடு மடக்கியிருப்பானா? அவன் வெரலப் பாருங்க, பத்தும் முழுசா இருக்கும். என்ற வெரலப் பாருங்க. இது வெட்டற மெஷின்ல போனது. நான் யாரையாச்சும் கொறை சொன்னனா?

சண்டை போடலீங்க நான். அவ இஷ்டம்னு விட்டுட்டேன். அவளே மடக்கி, அவளே டிரில் போட்டு, அவளே மாட்டிக்கிட்டா. மடக்குனது மட்டும் சரியா வரல, வளைவுல ஒரு நூலு தள்ளி நின்னுச்சு.

ரேசு ஒரு ஞாயித்துக்கெழமை. சூலூரு பக்கம் வத்துன கொளத்துக்குள்ள டிராக்கு போட்டிருந்தாங்க. சனிக்கெழமை மத்தியானம் வண்டி இங்கதான் நின்னுது. அவ சாப்பிடறதுக்கு ஊட்டுக்குப் போனா. எனக்கு மனசு கேக்கலீங்க. அவங்கப்பன் மூஞ்சிதான் முன்னால நிக்குது. அவளுக்குத் தெரியாம ஒரு வாரமா மடக்கி வெச்சிருந்தேன், ஆறு மில்லி இரும்புல. நாலு ஓரத்தையும் மேல தூக்கி, சட்டியாட்ட. ஒரு ஓட்டை கெடையாது, பொட்டு வெளிச்சம் தெரியாது. அவளோடதக் கழட்டிட்டு இதப் பூட்டுனேன். பல்லுச் சக்கரத்துக்கு மொபட்டாட்டவே பாக்ஸ், சுத்தி அடைச்சு. சில்வர் பெயிண்டும் அடிச்சு விட்டேன். அவ கண்டுபுடிக்கக் கூடாதுன்னெல்லாம் இல்லீங்க, துருப் புடிக்கக் கூடாதுன்னு. சந்தனம் வெச்சு, குங்குமம் வெச்சு, முன் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்தி எறக்குனேன். அவ வர்றதுக்குள்ள தார்ப்பாயப் போட்டு டெம்போவுல கட்டிட்டேன், டிராக்குல எறக்குனதும் நேரமாச்சுன்னு குனிஞ்சு பாக்காம ஏறிட்டா.

சொல்லியிருக்கலாமேன்னு கேப்பீங்க. தங்கச்சியும் அதைத்தான் கேட்டா. சொன்னா கழட்டிருப்பா. கழட்டிருவான்னு தெரிஞ்சும் சொல்றதுக்கு நான் என்ன கிறுக்கனா?

சனிக்கெழமை சாயங்காலம் மழை. அது என்ற குத்தமா? வெய்யக்காலத்துல மழை பேஞ்சதுக்கு நான் என்ன பண்ணுவேன்? ரேசு நடத்துனவனுங்க நிறுத்தியிருக்கோணும். நிறுத்தல. சேத்துல ஓட்டுனாத்தான் சனம் கை தட்டும்ங்கறானுங்க. மொத ரவுண்டு நல்லாப் போனா. ரெண்டாவது ரவுண்டுல ரெண்டாவதா வந்தா. பக்கத்துல நின்ன ஒரு பொம்பளை, யாரு புள்ளைங்க இது, இப்படி ஓட்டுதுன்னு வாயப் பொளந்தா. அந்தக் கண்ணுதானுங்க. அந்தக் கண்ணு பட்டதுதான்.

மூணாவது ரவுண்டுல, திருப்பத்துல, பின்சக்கரம் ரெண்டும் கப்புனு பூட்டிக்கிச்சு. வண்டி குறுக்கால திரும்பி ஒரே பொரட்டு. அவ அக்கட்ட விழுந்தா, வண்டி அவ வலது கை மேல விழுந்துச்சு. ஓடுனேன். நாலு பேரு சேந்து தூக்கறோம், வரமாட்டேங்குது. என்னடா இது இந்தக் கனம் கனக்குதுன்னு ஒருத்தன் கத்தறான். பொரண்டு கெடந்த வண்டியில அடித்தகடு மேல தெரிஞ்சுது. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்னங்க, அந்த நேரத்துலயும் கண்ணு அங்கதான் போச்சு. ஒரு நெளிவு இல்ல. அத்தனை கல்லுல அடிபட்டும் ஒரு நெளிவு இல்லீங்க.

பொறவு ஒருத்தன் ஸ்குரூ டிரைவர் எடுத்து செயின் பாக்ஸத் தொறந்தான். உள்ள சேறும் பொடிக்கல்லும் இறுகி, செங்கல்லாட்ட கெட்டியா நின்னுது. செயின் அதுக்குள்ள மாட்டி அறுந்து கெடந்துச்சு. அடித்தகட்டுக்குள்ள ரெண்டு பக்கெட்டுச் சேறு. எவன்டா இந்த வேலைய செஞ்சதுன்னு எல்லாத்துக்கும் கேக்கறாப்புலச் சத்தம் போட்டான். செயின் மட்டமான செயின். நல்ல செயினா இருந்தா கல்ல அரைச்சுக்கிட்டுப் போயிருக்கும். அத அருள்ராஜுகிட்டத்தான் வாங்கியிருந்தா.

அவ அழுகலீங்க. சேத்துல உக்காந்து, ஒடஞ்ச கைய மடியில வெச்சுக்கிட்டு, தொறந்து கெடந்த பாக்ஸையே பாத்துட்டு இருந்தா. பொறவு எம்பக்கம் திரும்பி ஒன்னுதான் கேட்டா.

"மாமா, என்ற தகடு எங்க?"

"பத்திரமா இருக்குது கண்ணு"ன்னேன். அதானுங்க செவுத்துல இருக்கறது. பத்திரமாத்தானே வெச்சிருக்கேன்? வாரத்துக்கு ஒருக்கா தொடச்சுத்தான் வெக்கறேன்.

அதுக்கப்பறம் எங்கூடப் பேசறதில்ல. ஏழு மாசம் ஆச்சு. ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் கொண்டுக்கிட்டுப் போனேன், செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. கையில கம்பி வெச்சிருக்காங்க, ஆறு வாரத்துல சரியாயிரும்னாரு டாக்டரு. கை ஒடையாத மனுசன் இருக்கானுங்களா? தங்கச்சி ஒருக்கா வந்து, அண்ணா, அவகிட்டத் தப்புப் பண்ணிட்டேன் கண்ணுன்னு ஒரு வார்த்தை சொல்லிருண்ணாங்கறா. நான் எதுக்குங்க சொல்லோணும்? நான் யாருக்காகச் செஞ்சேன்? நான் செஞ்ச காரியம் தப்பா இருக்கலாம், செஞ்ச மனசு தப்பா? அவதான் வரோணும். வந்து, மாமா உங்களப் புரிஞ்சுக்கலைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நான் எதையும் மனசுல வெச்சுக்கற ஆளில்ல.

இப்ப என்ன பண்றான்னு கேக்கறீங்களா? ரேசு விட்டுட்டா. அந்த அருள்ராஜு கடையிலயே உக்காந்துக்கிட்டா. குவாடு வெச்சிருக்கறவனெல்லாம் அங்க போறான். எந்த வண்டிக்கு என்ன அடித்தகடு, எந்த கார்டுன்னு இவ பாத்து சொல்றாளாம். கேட்டுக்கிட்டு வாங்கறானுங்க. நான் பாத்தேன். பாக்கோணும்னு போகலீங்க, அந்தப் பக்கம் ஒரு சோலி இருந்துச்சு. வாரத்துல ரெண்டு மூணு நாளு அந்தப் பக்கம் சோலி வருது. ரோட்டுக்கு அக்கட்ட பேக்கரியில நின்னு டீ குடிச்சேன். உக்காந்து சிரிச்சுப் பேசிக்கிட்டுத்தான் இருந்தா. கை சரியாயிருச்சு. எனக்குத் தெரியும். சரியாகாமயா கடையில வேலை பாப்பா?

சரி, இப்பச் சொல்லுங்க. அப்ப இருந்து வாயத் தொறக்கறீங்க, மூடறீங்க. யாரு அனுப்புனாங்க உங்கள?

எந்தக் கடை?

எந்திரிங்க. எந்திரிங்க மொதல்ல. அருள்ராஜு கடையில இருந்து வந்துக்கிட்டு எம்பட்டறையில உக்காந்து எம்பட டீயக் குடிச்சுக்கிட்டு, இத்தனை நேரம் என்ற வாயப் புடுங்கிக்கிட்டு... என்னது? அவன் அனுப்பலியா? பொறவு யாரு?

தாரணியா? இன்னொருக்கா சொல்லுங்க.

அட்டையில எழுதுனதும் அவளேவா? பொய் சொல்லாதீங்க. அவ எழுத்து எனக்குத் தெரியாதா? ஏனுங்க, வெளிய போய் அந்த போர்டப் பாத்துட்டு வாங்க. அத எழுதுன கையி இத எழுதுமா? இது எவனோ பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன்...

எடது கையிலயா?

ஏன் எடது கையில எழுதறா?

வலது கையில எத்தனை வெரலு? மூணா? கொஞ்சங்கூட மடங்கறதில்லியா? ஆறு வாரம்னாருங்களே டாக்டரு. தங்கச்சி எங்கிட்டச் சொல்லவே இல்லியே. சொன்னாளா? சொல்லியிருந்தா எனக்கு ஞாபகம் இருக்குமே. நான் பாத்தப்ப சிரிச்சுக்கிட்டுத்தானுங்க இருந்தா. ரோட்டுக்கு அக்கட்ட இருந்து பாத்தா மூஞ்சிதானே தெரியுது. கை எங்க தெரியுது.

நாந்தானுங்க அந்தப் புள்ளைக்கு ஒரு கீறல்கூட விழாமப் பாத்துக்கறேன்னு சொன்னவன்.

சரி. அட்டையக் குடுத்துட்டு என்ன சொன்னா? அவ சொன்னத அப்படியே சொல்லுங்க, கூட்டாம, கொறைக்காம. "தகடு மடக்கறதுல எங்க மாமா கையாட்ட யாரு கையும் வராது. அங்கயே குடுங்க. ஓட்டை போடறப்ப மட்டும் பக்கத்துலயே நின்னுக்கங்க. எட்டும் போட்டு முடியற வரைக்கும் நகராதீங்க." இப்படியா? மாமான்னுதான் சொன்னாளா, இல்ல அந்தப் பட்டறைக்காரர்னு சொன்னாளா? நல்லா ரோசனை பண்ணிச் சொல்லுங்க.

மாமான்னு.

எதுக்குங்க உக்காந்தே இருக்கறீங்க? நிக்கத்தானே சொன்னா, எந்திரிச்சு இப்படி வந்து நில்லுங்க. இரும்பு வேண்டாம், அஞ்சு மில்லி அலுமினியம் அந்த மூலையில இருக்குது, அதையே போடலாம். எட்டும் போடறேன். நீங்க எண்ணிக்கங்க. அவ கேட்டா எட்டுன்னு நீங்கதான் சொல்லோணும், நான் சொன்னா நம்ப மாட்டா. அளவுக்குச் செவுத்துல இருக்கற தகட்டக் கழட்டுங்க. இல்ல, வேண்டாம், அது அங்கயே இருக்கட்டும். அட்டையவே எடுங்க, அவ எழுதுன அளவுலயே போடறேன். மெதுவா எடுங்க. இருங்க, நீங்க தொடாதீங்க, நான் கையக் கழுவிட்டு வந்து எடுத்துக்கறேன்.

அய்யய்யோ. மூணாவது ஓட்டைக்குப் பக்கத்துல எழுத்துப் பூராக் கரைஞ்சு போச்சே. ஏனுங்க, இதும்மேல டீ கிளாஸ வெச்சது யாருங்க?